மக்கில் படம் பதிக்கும் தொழில்: எனது அனுபவம்



தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள் பொதி செய்தல் என்று சுயதொழில்கள் பற்றி நிறைய வாசித்திருப்பீர்கள். நான் எழுத வந்திருப்பது தேநீர் குடிக்கும் மக்கில் படமும் பெயரும் பதிக்கும் தொழில் பற்றி. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையின் ஒரு மூலையில் இதைச் செய்து வருகிறேன். தொடங்கியபோது சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. பழுதாக்கிப் பழுதாக்கித்தான் படித்தேன். நீங்கள் அவ்வளவு பழுதாக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கற்பூரமும் மக்கும்

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகித் தண்ணீராகாமலே கரைந்து காற்றோடு போய்விடும். திண்மம் நேரே வாயுவாக மாறுவதைப் பதங்கமாதல் என்று பாடசாலையில் படித்திருப்போம். இந்த அச்சு முறையின் அடிப்படையும் அதுதான். சிறப்பு மையினால் தாளில் படத்தை அச்சிட்டு, அந்தத் தாளை மக்கில் சுற்றி, 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், மையிலுள்ள சாயம் வாயுவாகி மக்கின் மேற்பூச்சுக்குள் புகுந்துவிடும். ஆறியதும் அங்கேயே இறுகிவிடும். படம் மேலே ஒட்டியிருப்பதில்லை, பூச்சுக்குள் இருக்கிறது. அதனால்தான் நகத்தால் சுரண்டினாலும் உரிவதில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விடயம் விளங்கும். சாயம் புகுவதற்குப் பொலியெஸ்ரர் வகைப் பூச்சு வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண பீங்கான் மக்கில் அது இல்லை. இந்த வேலைக்கென்றே பூச்சிட்டு விற்கும் வெறும் மக்குகளைத்தான் வாங்க வேண்டும். அடுத்தது, இந்த மையில் வெள்ளை நிறம் இல்லை. படத்தில் வெள்ளையாகத் தெரிவது மக்கின் வெள்ளைதான். ஆகவே வெள்ளை அல்லது மிக வெளிறிய நிற மக்குகளே பொருத்தம்.

என்னென்ன தேவை

அச்சுப்பொறி ஒன்று, அதற்கான பதங்கமாதல் மை, அதற்கென உள்ள தாள், சூடு தாங்கும் ரேப், மக்கைச் சூடாக்கும் மக் பிறஸ், வெறும் மக்குகள். படத்தைச் சரிசெய்யக் கணினி இருந்தால் நல்லது. கிம்ப் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தொடக்கத்தில் கைத்தொலைபேசியும் போதும்.

எந்த அச்சுப்பொறியும் சரிவராது. கனன், எச்.பி. நிறுவனங்களின் சாதாரண மை அச்சுப்பொறிகள் மையைச் சூடாக்கித் தெறிக்க வைப்பவை. சூட்டினால் மாறும் இந்த மை அவற்றுக்கு ஒத்துவராது. எப்சன் வகைகள் சூடாக்காமல் அழுத்தித் தெறிக்க வைப்பவை என்பதால், அவர்களுடைய மைத்தொட்டி அச்சுப்பொறிகளைத்தான் பலரும் பாவிக்கிறார்கள். சாதாரண அச்சுப்பொறியில் இந்த மையை ஊற்றினால் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். பிறகு பிள்ளைகளின் பாடக் குறிப்புகளை அதில் அச்சிடவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கையில் காசு குறைவென்றால் அச்சுப்பொறியை முதலில் வாங்காதீர்கள். நகரத்தில் இந்த வேலை செய்யும் ஒருவரிடம் தாளை மட்டும் அச்சிட்டு வாங்கி, மக் பிறஸை மட்டும் வைத்துத் தொடங்கலாம். நானும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் செய்தேன்.

செய்யும் முறை

சாதாரண மக்கின் உயரம் ஏறக்குறைய ஒன்பதரை சென்ரிமீற்றர். கைபிடிப் பக்கத்தை விட்டால் படத்துக்குக் கிடைக்கும் இடம் 20 சென்ரிமீற்றர் நீளம், 9 சென்ரிமீற்றர் உயரம். அந்த அளவில் ஒரு ஏ4 தாளில் மூன்று மக்குகளுக்கான படங்களை அடக்கலாம். தாளை வீணாக்காமல் மூன்று சேர்ந்ததும் அச்சிடுவது என் வழக்கம்.

அச்சிடுவதற்கு முன் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகப் புரட்ட வேண்டும். தாளில் நிறம் மங்கலாகத்தான் தெரியும். பயப்படத் தேவையில்லை, சூடு பட்டதும் நிறம் எழும்பும்.

மக்கைச் சுத்தமான துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய்கூட அடையாளம் விடும். அச்சிட்ட பக்கம் மக்கைத் தொடுமாறு தாளை இறுக்கிச் சுற்றி, ஓரங்களில் ரேப் ஒட்டுங்கள். பிறஸ் சூடாகியதும் மக்கை வைத்து மூடி, ஏறக்குறைய மூன்று நிமிடம் விடுங்கள். பிறஸுக்குப் பிறஸ் சூடு வேறுபடும். அதனுடன் வரும் அளவிலிருந்து தொடங்கி, 5 பாகை கூட்டியும் குறைத்தும் பார்த்து, உங்கள் பிறஸுக்குரிய அளவைக் கொப்பியில் எழுதி வையுங்கள். எடுத்தவுடனேயே தாளை உரித்துவிடுங்கள், கையுறை அவசியம். பிறகு மக்கைத் தானாக ஆறவிட வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும்.

சூடாக்கும்போது புகையும் மணமும் வரும். யன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள். போரில் கால் பாதிக்கப்பட்ட சகோதரிகள் இருந்தபடியே இதைச் செய்யலாம். கையில் ஏலாமை உள்ளவர்களுக்குத் தாளை இறுக்கிச் சுற்றுவது சிரமம். சிறு துணிப்பையில் மணலை நிரப்பி அதன்மேல் மக்கைப் படுக்க வைத்தால் அசையாமல் நிற்கும். இருவர் சேர்ந்து செய்தால் இன்னும் இலகு.

பாடசாலைப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களிலும் இதே முறையில் பெயர் பதிக்கலாம். பூச்சிட்ட அலுமினிய, உருக்குப் போத்தல்கள் கிடைக்கின்றன. அவற்றுக்கு வேறு பிறஸ் அல்லது சுருங்கும் உறையும் சூட்டடுப்பும் வேண்டும். சமைக்கும் அடுப்பை இதற்குப் பாவிக்க வேண்டாம். மக்கில் கை பழகிய பிறகு போத்தலுக்குப் போங்கள்.

நான் விட்ட பிழைகள்

முதல் மக்கில் என் மகளின் பெயரைப் பதித்தேன். புரட்ட மறந்ததால் எழுத்தெல்லாம் தலைகீழாய் வந்ததுபோல் இருந்தது. அவள் அதில்தான் இன்றும் தேநீர் குடிக்கிறாள்.

ஒருமுறை தூரத்துக் கடையொன்றிலிருந்து பூச்சிட்ட மக் என்று ஒரு பெட்டி எடுப்பித்தேன். படம் அழகாக விழுந்தது, முதல் கழுவலிலேயே மங்கிப்போனது. அன்றிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மக்கை அச்சிட்டு, பாத்திரம் கழுவும் பஞ்சால் நன்றாகத் தேய்த்துப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன்.

படம் இரட்டையாக நிழலடித்தால் தாள் நழுவியிருக்கிறது, ரேப்பை இறுக்குங்கள். கைபிடிக்குக் கிட்ட நிறம் வெளிறினால் அங்கே அழுத்தம் போதவில்லை. புள்ளி புள்ளியாக வந்தால் தாளில் ஈரம். எங்கள் மாரி காலத்தில் தாள் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள். வெயில் காலத்தில் வேறு தொல்லை. செம்மண் புழுதி அச்சுப்பொறிக்குள் போகும், துணியால் மூடி வையுங்கள். வேலை இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சிறிய நிறப்படம் ஒன்றை அச்சிடுங்கள். இல்லாவிட்டால் மை காய்ந்து துவாரம் அடைத்துவிடும்.

2022 இல் நாடு முழுவதும் மணிக்கணக்காக மின்சாரம் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். மக் பிறஸுக்குள் இருக்கும்போது மின்சாரம் போனால் அந்த மக் பெரும்பாலும் பழுதுதான். முகில் இடிக்கும் பின்னேரங்களில் நான் பிறஸைப் போடுவதில்லை.

கணக்குப் பார்ப்போம்

கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. விலை மாறும், முறை மாறாது.

வெறும் மக் 500 ரூபா, பெட்டி 80, தாளும் மையும் 40, மின்சாரமும் ரேப்பும் 20. மொத்தம் 640. பத்தில் ஒன்று பழுதாகும் என்று எடுத்து ஒவ்வொன்றின்மீதும் 60 ரூபா சேருங்கள். இப்போது 700. பிறஸ் ஒருநாள் பழுதாகும், அதற்கு 50 ஒதுக்குங்கள். உங்கள் உழைப்புக்கு 250. ஆகவே 1000 ரூபாவுக்குக் குறைத்து விற்றால் உங்கள் உழைப்பைத்தான் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். நான் முதல் ஆறு மாதம் பழுதையும் உழைப்பையும் கணக்கில் சேர்க்கவில்லை. கையில் காசு புழங்கியது, மிச்சம் இருக்கவில்லை.

மின்சாரச் செலவைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். 400 வாற்று மக் பிறஸ் இரண்டரை மணித்தியாலம் தொடர்ந்து எரிந்தால்தான் ஒரு அலகு. பழுதாகும் மக்கோடு ஒப்பிட்டால் அது சிறிது.

கட்டளை எடுக்கும்போது அரைவாசிக் காசை முற்பணமாக வாங்குங்கள். பெயரின் எழுத்தை அவர்களைக் கொண்டே எழுதுவியுங்கள். றகரம், ரகரம் மாறினால் மக் உங்கள் தலையில்தான்.

கடன் பற்றி ஒரு வார்த்தை

எங்கள் மாவட்டப் பெண்கள் நுண்கடனால் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது.

நானும் கிழமைக் கடன் எடுத்துத் தொடங்கத்தான் நினைத்தேன். ஒரு இரவு இருந்து கணக்குப் பார்த்தேன். கடன்காரர் கிழமைக்குக் கிழமை வருவார். மக் வேலை கிழமைக்குக் கிழமை வராது. ஒக்ரோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், வருட முடிவு, ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து உறவுகள் வரும் காலம், இடையிடையே கலியாணம், சாமத்திய வீடு. இப்போது வேலை குவியும். மற்ற மாதங்களில் கை சும்மா இருக்கும். கிழமைக் கடனைச் சும்மா இருக்கும் மாதத்தில் எதைக் கொண்டு கட்டுவது? எங்கள் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேமித்ததையும் அங்கே மாதத் தவணையில் எடுத்த சிறு தொகையையும் வைத்தே பிறஸ் வாங்கினேன். கோழியை விடவில்லை. இன்றும் இது எனக்குத் துணைத் தொழில்தான்.

தொழில் நிலைபெற்றதும் உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பாடசாலைகளும் அலுவலகங்களும் கட்டளை தரும்போது பற்றுச்சீட்டுக் கேட்பார்கள்.

படத்துக்குரிய மரியாதை

மற்ற ஊர்களில் இது பரிசுப்பொருள் வியாபாரம். எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. இடப்பெயர்வில் நாங்கள் வீடு, மாடு, நகை மட்டும் இழக்கவில்லை. அல்பங்களையும் இழந்தோம். 2009 இல் முகாமுக்குப் போனபோது பலரிடம் மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படம் ஒன்றுதான்.

அந்தச் சிறு படமும் போதும். 3.5 க்கு 4.5 சென்ரிமீற்றர் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கான் செய்து 300 இல் அச்சிட்டால் இரண்டு மடங்காகி 7 க்கு 9 வரும். மக்கின் உயரத்துக்கு அது சரியாகப் பொருந்தும். அதற்குமேல் பெருப்பித்தால் முகம் உடையும். ஸ்கானர் இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் கைத்தொலைபேசியில் எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க முயல வேண்டாம், கண்ணாடியோடேயே எடுங்கள்.

ஒரு அம்மா தன் மகனின் படத்தோடு வந்தார். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர். வெயிலில் பிடித்துப் பிடித்து அந்தப் படம் வெளிறியிருந்தது. பெயரைக் கேட்டு எழுதிவிட்டு, வழக்கமாகக் கேட்பதுபோல், "அம்மா, திகதி என்ன போட?" என்று கேட்டுவிட்டேன்.

"பிறந்த திகதியை மட்டும் போடு பிள்ளை. மற்றது ஒண்டும் போடாதை. அவன் வருவான்" என்றார்.

என் வாயை நானே நொந்துகொண்டேன். அன்றிலிருந்து என்ன எழுத வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன், திகதி பற்றி நானாகக் கேட்பதில்லை.

அந்த அம்மாவிடம் ஒன்றைச் சொல்லித்தான் கொடுத்தேன். இந்தச் சாயமும் நேர் வெயிலில் நாளடைவில் மங்கும். கழுவினால் போகாது, ஆனால் வெயிலில் வைக்கக் கூடாது. அவர் அதை அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்.

நான் கைக்கொள்ளும் சில ஒழுங்குகளைச் சொல்கிறேன். படத்தை உரியவரின் கண்முன்னே ஸ்கான் செய்து உடனே திருப்பிக் கொடுப்பேன், இரவு என் வீட்டில் தங்க விடுவதில்லை. திருத்திய படத்தை அவர்களின் தொலைபேசிக்கும் அனுப்பிவிடுவேன், இனி ஒரு இடப்பெயர்வு வந்தாலும் அது தொலையாது. அவர்கள் சம்மதமில்லாமல் முகநூலில் விளம்பரமாகப் போடுவதில்லை. படம் பழுதானால் காசு கேட்காமல் இன்னொரு மக் செய்து கொடுப்பேன்.

சகோதரிகளே, இது எல்லோரையும் தூக்கிவிடும் தொழில் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஊரில் பத்துப் பேர் செய்தால் பத்துப் பேருக்கும் வேலை காணாது. ஆனால் பொறுமையும் சுத்தமான கையும் உள்ள ஒருத்திக்கு, இருக்கும் வருமானத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். பத்து வெறும் மக்குகளோடு தொடங்குங்கள். அவற்றில் முதல் மூன்று பழுதாகும் என்று கணக்கிலேயே எழுதி வையுங்கள். நான்காவது நன்றாக வரும்.