எடைக் குறைப்பு ஊசியும் கருத்தடை மாத்திரையும்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு, பகாவ் தோட்டப்புறங்களில் ‘இனிப்பு நீர்’ என்றால் விளக்கம் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இந்த நீரிழிவு நோய் உண்டு. இதற்கென வந்து, இன்று எடை குறைக்கவும் தரப்படும் வார ஊசிகளில் ஒன்று டிர்செபடைடு. கடையில் அதன் பெயர் மௌஞ்சாரோ. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் இதைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஊசி இரைப்பையின் வேகத்தைக் குறைக்கிறது. சாப்பிட்டது நெடுநேரம் வயிற்றிலேயே தங்குவதால் பசி அடங்குகிறது. விழுங்கிய மாத்திரையும் அங்கேயே தங்கிவிடுகிறது. குடலுக்குப் போனால்தான் அது இரத்தத்தில் கலக்கும். 5 மில்லிகிராம் ஊசி ஒருமுறை போட்டுச் சோதித்தபோது, கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் எட்டும் உச்ச அளவு 59 விழுக்காடு குறைந்தது; உடலில் சேர்ந்த மொத்த அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது.

முதல் ஊசியின்போதுதான் இந்த மந்தம் அதிகம், போகப்போகத் தணியும். அதனால் ஊசி தொடங்கி 4 வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் 4 வாரமும் ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். அல்லது வாய்வழி அல்லாத முறைக்கு மாற வேண்டும். 2.5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2.5 கூட்டி 15-ஐ எட்டுபவருக்கு இந்தக் காலம் 24 வாரம், கிட்டத்தட்ட அரை ஆண்டு.

ஓசெம்பிக், வெகோவி ஊசிகளில் உள்ள செமாகுளூட்டைடு என்ற மருந்து, கருத்தடை மாத்திரையின் அளவை இப்படிக் குறைப்பதாகச் சோதனைகளில் தெரியவில்லை. ஆனால் வாந்தி எந்த ஊசியிலும் வரலாம். மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், அதைப் போடாததாகவே கொள்ள வேண்டும். எடை குறையும்போது, நின்றிருந்த கருமுட்டை வெளியேற்றமும் மீண்டும் தொடங்கலாம். ‘எனக்குக் கரு தங்காது’ என்று இருந்தவருக்கும் தங்கக்கூடும்.

கருப்பையில் வைக்கும் காப்பர்-டி, கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சி, கருத்தடை ஊசி ஆகியவை இரைப்பை வழியே போவதில்லை. அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கர்ப்பத்தில் இந்த எடை ஊசிகள் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் டிர்செபடைடை ஒரு மாதம் முன்பும், செமாகுளூட்டைடை இரண்டு மாதம் முன்பும் நிறுத்த வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி டாக்டரிடம் பேசக் கூச்சப்படும் அக்காமார் நம்மில் பலர். ஊசியை ஓரிடத்திலும் மாத்திரையை வேறிடத்திலும் வாங்கினால், நாம் சொல்லாமல் யாருக்கும் தெரியாது. கிளினிக்கில் ஊசிக்குக் கை நீட்டும் முன், “நான் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று சொல்லிவிடுங்கள்.