முறிந்து கூடிய எலும்புகள்

இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயர் பகுதியிலுள்ள ராண்ட்ஸ் என்னும் ஊரில் கி.பி. 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த உழவர்களின் இடுகாடு அகழாய்வில் வெளிப்பட்டது. அங்குக் கிடைத்தவர்களில் 170 பேரின் கைகால் நீள எலும்புகளை மார்கரெட் ஜட், சார்லட் ராபர்ட்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் சோதித்து, 1999இல் வெளியிட்ட முடிவின்படி அவர்களில் 19.4 விழுக்காட்டினர் எலும்பு முறிவுக்கு ஆளாகியிருந்தனர். ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மூன்று நகர இடுகாடுகளில் இவ்விகிதம் 4.7 முதல் 5.5 விழுக்காடு மட்டுமே என்பதால், உழவுத் தொழில் அன்று எத்துணை ஆபத்தானதாக இருந்தது என்பது விளங்கும்.

எலும்பு முறிந்த இடத்தில் முதலில் குருதி உறைந்து, பின்னர் மென்மையான திசு படர்ந்து, சில வாரங்களில் புதிய எலும்பு திரண்டு முனைகளைப் பிணைக்கிறது. அந்தத் திரட்சி பல ஆண்டுகளில் தேய்ந்து மழமழப்பாகிறது. ஆகவே மழமழப்பான புடைப்பு ஒன்றைக் கண்டால், அடிபட்டவர் அதன்பின் நெடுநாள் வாழ்ந்தார் என்று துணிந்து கூறலாம்.

ராண்ட்ஸ் பெண்களிடம் முன்கை முறிவுகளே மிகுதி. தடுக்கி விழுபவர் கையை ஊன்றும்போது கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, அதன் முனை புறங்கைப் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. ஓங்கிய தடியை முன்கையால் தடுப்பவருக்கோ சுண்டுவிரல் பக்கமுள்ள அரந்தி எலும்பு மட்டும் நடுவில் முறியக்கூடும். எனினும் இரண்டாம் வகையைக் கண்டவுடன் வன்முறை எனத் தீர்ப்பளிப்பது அவசரமாகும்; விழுந்தாலும் மாடு உதைத்தாலும் அவ்வெலும்பு முறியலாம். ஆண்களின் முறிவுகளோ உடலின் பல இடங்களில் பரவியிருந்தன. இங்கிலாந்தின் நிலவளங்களைக் கணக்கெடுத்து 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேடு ஓர் ஏருக்கு எட்டு எருதுகள் எனக் கணக்கிடுகிறது. அத்தகைய கனத்த உழவுமாடுகளோடு பழகியவர்களுக்கு மிதியும் உதையும் புதியனவாக இருந்திருக்க முடியாது.

முன்கையில் ஓர் எலும்பு முறிந்தால், முறியாத மற்றொன்று சிம்பு வைத்துக் கட்டியது போல் அதைத் தாங்கும். தொடை எலும்புக்கு அத்தகைய துணை இல்லை. தொடை முறிந்தவர் பல வாரங்கள் படுத்தே கிடக்க நேரும். அந்நாட்களில் அவருக்குச் சோறும் நீரும் கொடுக்க ஒருவர் வேண்டும். எருதுகளையும் ஏர்களையும் எண்ணிய அப்பதிவேடு இவ்வுழைப்பை எண்ணவில்லை.

தொடக்கத்தில் கண்ட 19.4 விழுக்காடும் குறைந்தபட்ச அளவே; குழந்தைப் பருவ முறிவுகள் வளர்ச்சியில் தடம் தெரியாமல் மறைந்துவிடுவதும் உண்டு, சுளுக்கும் சதைக்காயமும் எலும்பில் பெரும்பாலும் பதிவதில்லை.