கிறிஸ்துமஸ் மரத்தின் பகைவர்கள்

டிசம்பர் மாதத்தில் அமெரிக்க வீடுகளில் விளக்குகளும் வண்ணத் தாள்களும் தொங்க நிற்கும் ஊசியிலை மரத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் காட்டில் வெட்டிய மரமன்று. கரும்பைப் போலவே நட்டு வளர்த்த பயிர்தான். வட கரோலினா மாநிலத்து மலைச்சரிவுகளில் பயிராகும் 'பிரேசர் பிர்' மரம் இதில் பெயர் பெற்றது. நாற்றங்காலில் 4, 5 ஆண்டுகள். தோட்டத்தில் நட்டபின் மேலும் 7 முதல் 10 ஆண்டுகள். அதன் பிறகே ஆள் உயர மரம் சந்தைக்கு வரும். இத்தனை ஆண்டு உழைப்பையும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி ஒன்று அழித்துவிட முடியும்.

அதன் பெயர் அடெல்ஜிட். நம் செம்பருத்தியில் ஒட்டும் மாவுப்பூச்சியைப் போல, இதுவும் வெண்ணிற மெழுகுப் பஞ்சால் தன்னைப் போர்த்திக்கொள்ளும். ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட இது, 1908இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் காணப்பட்டது. 1957இல் வட கரோலினாவின் மிட்செல் சிகரத்தில் தென்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அந்த மலைகளிலிருந்த முதிர்ந்த பிர் மரங்கள் பெருவாரியாகப் பட்டுப்போயின.

இதற்குச் சிறகு இல்லை. அமெரிக்காவில் இருப்பவை எல்லாமே பெண் பூச்சிகள். ஆண் இல்லாமலே முட்டையிடும். அப்படியானால் பரவுவது எப்படி? முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மட்டும் நடமாட்டம் உண்டு. காற்றும் பறவைகளும் அதைச் சுமந்து செல்கின்றன. பட்டையில் இடம் பிடித்து, ஊசி போன்ற வாயைச் செருகிவிட்டால் பிறகு அங்கேயே வாழ்க்கை. சாறு குறைவதைவிட, பூச்சி செலுத்தும் உமிழ்நீரால் விளையும் கேடுதான் பெரிது. அதனால் புதிதாக உண்டாகும் மரத்திசு இறுகிச் சிவந்து, நீரை மேலே கடத்தும் திறனை இழக்கிறது. வேரடியில் ஈரம் இருந்தும் மரம் தாகத்தால் சாகிறது!

மருந்து அடித்தால் தீராதா? தீரும், ஆனால் அடர்ந்த கிளைகளுக்குள் புகுந்து அடிமரம் முழுவதும் நனையவேண்டும். அதோடு, அடிக்கும் மருந்து பலவகைப் பூச்சிகளையும் கொல்லக்கூடியதாயின் வேறொரு தொல்லை முளைக்கும். ஊசியிலைகளில் சாறு உறிஞ்சும் ஒருவகைச் சிலந்திப்பேன் திடீரெனப் பெருகும். இலைகள் வெளிறிப் பழுப்பாகும். காரணம் எளியது. சிலந்திப்பேனைத் தின்று வாழும் வேறு சிலந்திப்பேன்களும் பொறிவண்டுகளும் மருந்தில் மடிந்துவிடுகின்றன. பகைவனுக்கு வேலி போட்டுக் கொடுத்தது போலாகிறது. நம் நெல்வயலில் பைரித்திராய்டு மருந்துகளை அடித்தபின் புகையான் பெருகுவதும் இதே கதைதான்.

ஆகவே, நாட்காட்டியைப் பார்த்து மருந்தடிப்பதை விட்டு, மரத்தைப் பார்த்து முடிவு செய்யும்படி அங்குள்ள வல்லுநர்கள் அறிவுறுத்துகிறார்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கிளையின் கீழ்ப் பிடித்துத் தட்டினால், சிலந்திப்பேன்கள் நகரும் புள்ளிகளாகத் தெரியும். பூதக்கண்ணாடியால் அவற்றின் முட்டைகளையும் காணலாம். அடிமரத்தில் வெண்பஞ்சு உண்டா என்று தோட்டம் முழுக்க நடந்து பார்ப்பதும் முக்கியம். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு மருந்தடிப்பு மிச்சமானாலும் லாபம். மரங்களுக்கு இடையே வெள்ளைக் குளோவர் போன்ற தாழ்ந்த செடிகளை விட்டுவைப்பதும் உண்டு. அவற்றின் பூக்கள் நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தேன் தரும். மலைச்சரிவின் மண்ணும் அரிக்காது. பூச்சி முற்றிய மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டி அகற்றுகிறார்கள். அப்போது இளம்பூச்சிகள் பட்டையில் அசையாமல் உறங்கும். வழியில் உதிர்ந்து பரவும் அச்சம் குறைவு.

வெட்டிய மரத்தோடு சில வேளைகளில் பெரிய பழுப்பு அசுவினிகள் வீட்டுக்குள் வருவதுண்டு. அறையின் வெப்பத்தில் விழித்துத் தரையில் ஊரும். அவை கடிக்கா; வீட்டுத் தொட்டிச் செடிகளிலும் பிழைக்கா. நசுக்கினால் மட்டும் விரிப்பில் கறை படியும். ஆகையால் தூசி உறிஞ்சும் கருவியால் எடுத்துவிடுவதே நல்லது, மருந்து தேவையில்லை.