கூடி ஓடினால் தூரம் குறையும்

புலம்பெயர்ந்த மண்ணில் நாம் இரண்டு வேலை செய்கிறோம். நாற்காலியிலும் வாகனத்திலும் நாட்களைக் கழிக்கிறோம். ஊரில் வயலுக்கும் சந்தைக்கும் நடந்த கால்கள் இங்கே நடையை மறந்துவிட்டன. தெற்காசிய மக்களை மாரடைப்பும் நீரிழிவும் ஏனையோரைவிட இளவயதிலேயே தாக்குகின்றன என்பது மருத்துவம் கண்ட உண்மை. இதற்கெனவே கலிபோர்ணியாவின் மவுண்டன் வியூ நகரில் எல் கமீனோ வைத்தியசாலை 2006இல் தெற்காசியர் இருதய நிலையமொன்றைத் தொடங்கியது.

அதே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நண்பர்களின் முயற்சியொன்றும் வளர்ந்தது. இந்திய ஏழைச் சிறுவரின் கல்விக்காக, பேர்க்லியில் பயின்ற மாணவர்கள் 1991இல் ‘ஆஷா’ அமைப்பை நிறுவினர். பின்னர் அதன் தொண்டர்கள் மரதன் பயிற்சிக் குழுக்களை அமைத்தனர். முன்பு ஓடிப் பழகாதோரும் மாதக்கணக்கில் கூடிப் பயின்று 42.195 கிலோமீற்றரை ஓடி முடித்தனர். அவர்கள் திரட்டிய நிதி சிறுவரின் கல்விக்குச் சென்றது.

பயிற்சி முறை எளிது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். மூச்சு வாங்கினால் நடக்கலாம். தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். இருதயம் விரைவில் பழகும். எலும்பும் தசைநாண்களும் தாமதித்தே பழகும். நோயுள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

எல்லோருக்கும் மரதன் வேண்டியதில்லை. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியையே உலக சுகாதார ஸ்தாபனம் வலியுறுத்துகிறது. நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள் நடந்தாலே அது நிறைவேறும். தனியே புறப்படுபவரைப் போர்வை தடுத்துவிடும். தெருமுனையில் நண்பர் காத்திருந்தால் எழுந்தே ஆகவேண்டும். அகதி வழக்கின் தீர்ப்பு நம் கையில் இல்லை. உடலைப் பேணுவது பெருமளவு நம் கையில் உள்ளது. ஊரிலும் இங்கும் நம்மை நம்பியிருப்போர் பலர். இந்த ஞாயிறு நால்வராகக் கூடி நடக்கத் தொடங்குவோம்.