தகுதி ஒன்று, ஊதியம் பல: அரசுப் பள்ளி ஆசிரியர்களின் நிலை

அரசுப் பள்ளி ஆசிரியர் பெறும் ஊதியம் அவர் ஆற்றும் பணிக்கு ஏற்றதுதானா? இவ்வினாவிற்கு நாட்டில் ஒன்றுக்கொன்று முரணான இரு விடைகள் வழங்கி வருகின்றன. சராசரிக் குடிமகனின் வருவாயைப் போல் பல மடங்கு பெறுகின்றனர் என்பர் சிலர். குடும்பம் நடத்தவும் போதாத தொகைக்கு உழைக்கின்றனர் என்பர் வேறு சிலர். வியப்பு என்னவெனில், இரு கூற்றுகளும் உண்மையே. இரு சாராரும் ஆசிரியர் என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும், அவர்கள் சுட்டுவது ஒரே மனிதரை அன்று. ஒரே வகுப்பறைச் சுவரின் இருபுறமும் நின்று ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவருள், ஒருவர் மற்றவரைப் போல் மூன்று நான்கு மடங்கு ஊதியம் பெறும் நிலை இந்நாட்டில் புதியதன்று. ஆசிரியர் ஊதியச் சிக்கலின் மையம் இங்கேதான் உள்ளது.

ஆசிரியர் எண்ணிக்கையைக் காணும்போது இச்சிக்கலின் பரப்பு விளங்கும். 2024-25 ஆம் கல்வியாண்டில் நாட்டின் பள்ளி ஆசிரியர் தொகை முதன்முறையாக ஒரு கோடியைக் கடந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். இத்தொகையில் தனியார் பள்ளி ஆசிரியர்களும் அடங்குவர். எனினும் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கல்வியளிக்கும் பெரும்பொறுப்பு அரசுப் பள்ளி ஆசிரியர்களையே சார்ந்துள்ளது.

கோத்தாரி குழு வகுத்த நெறி

வில்லியம் ஆடம் 1835 முதல் 1838 வரை வங்காளம், பீகார் பகுதிகளின் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றி அளித்த அறிக்கைகளில் அக்கால ஆசிரியரின் நிலை தெளிவாகக் காணப்படுகிறது. மாணவர் தரும் சிறு தொகையோடு அரிசி, துணி முதலியவற்றையும் பெற்று அவர் வாழ்ந்தார். ஊர் செழித்தால் ஆசிரியரும் வாழ்ந்தார். ஊர் வாடினால் அவரும் வாடினார். அரசு மானியம் வந்த பின்னரும் மாகாணத்துக்கு மாகாணம், நிருவாகத்துக்கு நிருவாகம் ஊதியம் வேறுபட்டது. அரசுப் பள்ளியில் ஓர் அளவு, உள்ளாட்சிப் பள்ளியில் வேறோர் அளவு, உதவி பெறும் பள்ளியில் மற்றோர் அளவு என்ற நிலை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது.

1964 இல் அமைக்கப்பட்டு 1966 இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு இந்நிலையை மாற்ற இரு நெறிகளை வகுத்தது. நாடு முழுவதற்கும் பொருந்தும் குறைந்தபட்ச ஊதிய விகிதங்களை மைய அரசு அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரே தகுதியும் ஒரே பொறுப்பும் உடைய ஆசிரியர்களுக்கு, எந்த நிருவாகத்தின்கீழ்ப் பணியாற்றினும், ஒரே ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்ற குறிக்கோளும் இக்குழுவின் அறிக்கையிலிருந்தே பிறந்தது. 1968 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இக்குறிக்கோளை ஏற்றது. 2020 ஆம் ஆண்டின் கொள்கையும் அதை வலியுறுத்துகிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த அளவு எட்டப்படவில்லை. ஊதியப் பிரச்சினையின் பெரும்பகுதி இந்தக் குறையிலிருந்தே கிளைக்கிறது.

ஊதியக் குழுக்கள் தந்த உயர்வு

முறையான பணியில் உள்ள ஆசிரியர்களின் ஊதியம் காலப்போக்கில் உயர்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. பள்ளி ஆசிரியர்களைப் பற்றி ஆராய டி. பி. சட்டோபாத்யாயா தலைமையில் 1983 இல் அமைக்கப்பட்ட தேசிய ஆசிரியர் குழுவின் பரிந்துரைகள் இவ்வுயர்வுக்குத் துணைபுரிந்தன. மைய அரசின் பள்ளிகளில் தொடக்க நிலை ஆசிரியரின் ஆரம்ப அடிப்படை ஊதியம் 1986 இல் ரூ. 1,200 ஆக இருந்தது. இது ஐந்தாவது ஊதியக் குழுவிற்குப் பின் 1996 முதல் ரூ. 4,500 ஆகவும், ஏழாவது ஊதியக் குழுவிற்குப் பின் 2016 முதல் ரூ. 35,400 ஆகவும் உயர்ந்தது. பட்டதாரி ஆசிரியருக்கு ரூ. 44,900, முதுநிலை ஆசிரியருக்கு ரூ. 47,600 என ஆரம்ப ஊதியம் வரையறுக்கப்பட்டது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி ஆகியவை தனி.

இவ்வுயர்வில் ஒரு பகுதி விலைவாசி உயர்வுக்கு ஈடாக அமைந்ததே. ஆயினும் தொடக்க ஆசிரியரின் ஆரம்ப அடிப்படை ஊதியத்தை மட்டும் ஆண்டுக்குக் கணக்கிட்டால் ரூ. 4,24,800 ஆகிறது. நாட்டின் தனிநபர் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் என்பதோடு ஒப்பிட, இது இரு மடங்குக்கு மேற்பட்டது. இந்தப் பிரிவினரைப் பொறுத்தவரை, ஆசிரியர் வறுமையில் உழல்கிறார் என்ற பழைய சித்திரம் பொருந்தாது.

ஒப்பந்த ஆசிரியர் தோன்றிய வரலாறு

ஊதியக் குழுக்களின் பரிந்துரைகளால் மாநிலங்களின் சம்பளச் செலவு பெருகியது. அதே காலத்தில், பள்ளியே இல்லாத சிற்றூர்களில் பள்ளி திறக்கவும், பள்ளிக்கு வராத குழந்தைகளைச் சேர்க்கவும் வேண்டிய கடமையும் மாநிலங்கள்மீது வந்து சேர்ந்தது. கருவூலம் சுருங்கியிருக்க, கடமை விரிந்தது. இவ்விரண்டிற்கும் இடையே மாநிலங்கள் கண்ட வழியே ஒப்பந்த ஆசிரியர் முறை.

இராஜஸ்தானில் 1987 இல் தொடங்கிய சிக்ஷா கர்மி திட்டம், ஆசிரியர் செல்லத் தயங்கிய தொலைதூர ஊர்களில் உள்ளூர் இளைஞர்களையே பயிற்றுவித்து அமர்த்தியது. மத்தியப் பிரதேசத்தில் 1997 இல் வந்த கல்வி உறுதித் திட்டம், ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் பள்ளி இல்லாத 40 குழந்தைகளின் பெற்றோர் கோரினால், பழங்குடிப் பகுதியாயின் 25 குழந்தைகளுக்காகக் கோரினாலே, 90 நாள்களில் பள்ளி தரப்படும் என உறுதியளித்தது. அங்கு அமர்த்தப்பட்ட குருஜிக்கு மாத மதிப்பூதியம் ரூ. 500. உத்தரப் பிரதேசத்தில் சிக்ஷா மித்ரா என்ற பெயரிலும், பீகாரில் 2006 முதல் ஊராட்சிகள் வாயிலாக அமர்த்தப்பட்ட நியோஜித் ஆசிரியர் என்ற பெயரிலும் இம்முறை பரவியது.

இம்முறையின் பயனை மறுப்பது நேர்மையாகாது. எட்டாத ஊர்களை அது எட்டியது. எண்ணற்ற குழந்தைகள் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றனர். ஆனால் தற்காலிகம் என்று வந்தது நிலைத்து நின்றது. இருபது வயதில் நம்பிக்கையோடு சேர்ந்தவர் நாற்பது வயதிலும் மதிப்பூதியக்காரராகவே இருந்தார். அவருடைய குடும்பம் வளர்ந்தது. ஊதியம் அதற்கேற்ப வளரவில்லை.

நியாயம் கோரி நீதிமன்றத்தில்

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பின் 39 ஆவது விதி கூறும் வழிகாட்டும் நெறிகளுள் ஒன்று. தற்காலிகப் பணியாளருக்கும் இந்நெறி பொருந்தும் என்று பஞ்சாப் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்தது. ஆயினும் ஆசிரியர்கள் கண்ட முடிவு வேறு. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் சிக்ஷா மித்ராக்களை முறையான ஆசிரியர்களாக்கிய நடவடிக்கை, தகுதி விதிகளுக்கு மாறானது என 2017 ஜூலையில் நீக்கப்பட்டது. முழு ஊதியம் பெற்றவர்கள் அவ்வாண்டிலேயே மாதம் ரூ. 10,000 மதிப்பூதியத்திற்குத் திரும்பினர். பீகாரின் நியோஜித் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் வழங்கப் பாட்னா உயர்நீதிமன்றம் 2017 அக்டோபரில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் அதை மாற்றியது. பழைய ஆசிரியர் பிரிவு மறைந்து வரும் தனிப்பிரிவு என்பதும், கல்வியைப் பரவலாக்க மாநிலம் மேற்கொண்ட வழியின் நிதிச்சுமையும் அங்கு கருதப்பட்டன.

வேறுபாடு ஒப்பந்த ஆசிரியரோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் 2009 ஜூன் 1 க்கு முன்னர்ச் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் ரூ. 8,370 எனவும், அதற்குப் பின்னர்ச் சேர்ந்தவருக்கு ரூ. 5,200 எனவும் அமைந்தது. இருவரும் முறையான ஆசிரியர்களே. தகுதியும் பணியும் ஒன்றே. பணியில் சேர்ந்த நாள் ஒன்றே இருவரையும் பிரித்தது. இதனை எதிர்த்து அவ்வாசிரியர்கள் பல ஆண்டுகள் போராடினர்.

கடமை சமம், கைப்பொருள் சமமன்று

இக்காலத்தில் ஊதிய வேறுபாட்டுக்கு முன்பு கூறப்பட்ட காரணமும் வலுவிழந்துவிட்டது. ஒப்பந்த ஆசிரியர் பயிற்சி பெறாதவர், உயர்நிலைப் படிப்போடு நின்றவர் என்று முன்னர் கூறப்பட்டது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்சத் தகுதியை ஏற்படுத்தியது. ஆசிரியர் தகுதித் தேர்வும் வந்தது. பணியின் அளவையும் அச்சட்டமே வரையறுத்தது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், அடுத்த மூன்று வகுப்புகளுக்கு 220 நாள்கள், தயாரிப்பு நேரம் உட்பட வாரத்திற்கு 45 மணி நேரம் என்பன அவை. தகுதியும் வேலை நேரமும் தேசிய அளவில் ஒன்றாயின. ஊதியம் மட்டும் ஒன்றாகவில்லை. ஊதியத்தையும் பணி நிபந்தனைகளையும் வரையறுக்கும் பொறுப்பைச் சட்டம் விதிகளுக்கு விட்டுவிட்டது.

தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பணி எளிதானதும் அன்று. 2024-25 இல் நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தன; அவற்றில் பயின்ற மாணவர் சுமார் 33 லட்சம். அங்கே ஒருவரே ஐந்து வகுப்புகளையும் ஒருங்கே நடத்துகிறார். வருகைப் பதிவு, மதிய உணவுக் கணக்கு, கடிதப் போக்குவரத்து ஆகியவையும் அவருடையனவே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவற்றைச் சட்டமே அனுமதிக்கிறது. இவற்றுள் எதையும் குறைந்த ஊதியக்காரர் என்பதற்காக எவரும் குறைத்துக்கொள்வதில்லை.

ஊதியமும் கற்றலும்

ஊதியத்தை உயர்த்தினால் கற்றல் தானே உயரும் என்பதற்கு ஆய்வுகள் இடம் தரவில்லை. இந்தோனேசியாவில் 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்று பெற்ற ஆசிரியரின் அடிப்படை ஊதியம் இரட்டிப்பாக்கப்பட்டது. ஆசிரியரின் மனநிறைவு கூடியது. துணைத் தொழில் நாடுவது குறைந்தது. மாணவர் மதிப்பெண்ணில் மாற்றம் காணப்படவில்லை. இந்தியாவில் 2003 இல் முன்னறிவிப்பின்றிப் பார்வையிட்டபோது அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியருள் நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை. ஆந்திரப் பிரதேச ஊரகப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில், முறையான ஆசிரியரின் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கே பெற்ற ஒப்பந்த ஆசிரியர் கற்பிப்பதில் சற்றும் பின்தங்கவில்லை எனத் தெரிந்தது.

இம்முடிவுகளைக் கொண்டு, குறைந்த ஊதியமே போதும் எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு முழு வேலை கிடைத்தது என்றால், எஞ்சிய நான்கு பங்கு உழைப்புக்கு விலை தரப்படவில்லை என்பதே பொருள். நாளை நிரந்தரமாவோம் என்ற நம்பிக்கையே அந்த உழைப்பைத் தாங்கியது. நம்பிக்கையை ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிட்டு இருபது ஆண்டுகள் நிருவாகம் நடத்த இயலாது. அதே வேளை, உயர்ந்த ஊதியம் பெறுவோர் பள்ளிக்கு வருவதையும் கற்பிப்பதையும் உறுதிசெய்யாத நிருவாகமும் குறையுடையதே. ஊதியம் நீதியின்பாற்பட்டது, கற்றல் மேற்பார்வை, பயிற்சி, ஊக்கம் ஆகியவற்றின்பாற்பட்டது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் தகாது.

செய்ய வேண்டுவன

சில மாநிலங்கள் வழிகாட்டத் தொடங்கியுள்ளன. மத்தியப் பிரதேசமும் சட்டீஸ்கரும் 2018 இல் தம் ஒப்பந்தப் பிரிவினரைக் கல்வித்துறையின் பணியாளராக இணைத்தன. பீகார் 2023 இல் தேர்வாணையத்தின் வாயிலாகப் புதிய நியமனங்களைத் தொடங்கியதோடு, நியோஜித் ஆசிரியர் திறனறித் தேர்வில் வென்று மாநில அரசு ஊழியராகவும் வழி வகுத்தது. 2019 இல் வெளியான கல்விக் கொள்கை வரைவு, ஒப்பந்த ஆசிரியர் முறை 2022 க்குள் நிறுத்தப்பட வேண்டும் என்றது. அவ்வாண்டு கடந்தும் முறை முற்றிலும் நீங்கவில்லை.

ஒரே தகுதிக்கு ஒரே ஊதிய விகிதம் என்ற இலக்கைக் காலவரையறையோடு ஏற்பதே முதற்படி. இருப்போரைத் தகுதிகாண் முறையில், போதிய வாய்ப்புகள் தந்து இணைத்தலும், புதியவரை ஒரே வாயிலின் வழியாகவே சேர்த்தலும் அடுத்தவை. தொடக்கத்தில் சில ஆண்டுகள் பயிற்சிக் காலமாகக் குறைந்த ஊதியம் தருவதில் தவறில்லை. அதன் முடிவு நாள் நியமன ஆணையிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். திட்ட நிதியின் தவணை தாமதமாயினும் மாதச் சம்பளம் தாமதமாகா வண்ணம் மாநிலங்கள் ஏற்பாடு செய்தல் நலம். இவற்றுக்கு நிதி தேவை. கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில் உள்ளதால், அச்சுமையை மைய அரசும் பகிர்ந்தாக வேண்டும்.

ஆசிரியர்களுக்குத் தகுந்த ஊதியம் கிடைக்கிறதா என்ற வினாவிற்கு, சிலருக்குக் கிடைக்கிறது, பலருக்கு இல்லை என்பதே இன்றைய விடை. அவ்விரு பிரிவினரையும் பிரிப்பது தகுதியோ உழைப்போ அன்று. பணியில் சேர்ந்த ஆண்டும் வாயிலுமே. சம வாய்ப்பு, நீதி ஆகியவற்றைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பவர் ஆசிரியர். அவருடைய சம்பளப் பட்டியலும் அப்பாடத்திற்கு மாறாக அமையாதிருப்பது நாட்டின் கடமையாகும்.