ஆவுளியா

ஆவுளியா அல்லது கடற்பசு என்பது ஆழம் குறைந்த வெப்பமண்டலக் கரையோரக் கடல்களில் வாழும் ஒரு பாலூட்டி ஆகும். இதன் அறிவியற் பெயர் துகோங் துகோன். தமிழ்நாட்டில் இது பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் காணப்படுகிறது. இந்தியாவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் கட்ச் வளைகுடாவிலும் கூட இவ்விலங்கு வாழ்கிறது. இது அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கும் ஆகும்.

வகைப்பாடு

ஆவுளியாவை மீன் எனவோ, கடற்சிங்கம், கடல்நாய் ஆகியவற்றின் இனம் எனவோ கருதுவது தவறாகும். கடற்சிங்கங்கள் ஊனுண்ணிகள், ஓய்வெடுக்கவும் குட்டி ஈனவும் கரையேறுபவை. இந்தியக் கடல்களில் அவை வாழ்வதில்லை. ஆவுளியாவோ தாவர உண்ணி. தன் வாழ்நாள் முழுவதையும் நீரிலேயே கழிப்பது. நிலத்தில் வாழும் விலங்குகளுள் யானையே இதன் நெருங்கிய உறவினங்களில் ஒன்று.

இதன் குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம் இதுவேயாகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடற்பசு, வட பசிபிக் கடலில் 1741 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு, வேட்டையினால் 27 ஆண்டுகளுக்குள், அதாவது 1768 அளவில், முற்றாக அழிந்தது.

உடலமைப்பும் உணவும்

முதிர்ந்த ஆவுளியா பொதுவாக 2.5 முதல் 3 மீட்டர் வரை நீளமும் 250 முதல் 400 கிலோகிராம் வரை எடையும் கொண்டது. முன்கால்கள் துடுப்புகளாக மாறியுள்ளன; பின்கால்கள் இல்லை. வால் திமிங்கிலத்தின் வாலைப் போல இரு பிரிவாக அமைந்துள்ளது. கனமான எலும்புகள் நீருக்கடியில் நின்று மேய உதவுகின்றன.

கடற்புற்களே இதன் முதன்மை உணவு. கீழ்நோக்கி வளைந்த மேலுதட்டினால் புல்லை வேரோடு பறித்து உண்பதால், இது மேய்ந்த இடங்களில் நீண்ட தடங்கள் காணப்படும். நாளொன்றுக்குச் சுமார் 30 முதல் 40 கிலோகிராம் வரை உண்ணக்கூடியது. நுரையீரலால் மூச்சு விடுவதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீரின் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும்.

இனப்பெருக்கம்

ஆவுளியா 70 ஆண்டுகள் வரை வாழக்கூடும். ஆனால் பெண் விலங்கு முதற் குட்டியை ஈனப் பல ஆண்டுகள் ஆகின்றன. கருக்காலம் 13 முதல் 15 மாதங்கள். ஒரு பேற்றில் ஒரு குட்டியே பிறக்கிறது. தாயின் முன்துடுப்புகளின் அருகே உள்ள முலைகளில் அது ஓராண்டுக்கும் மேலாகப் பால் குடிக்கிறது. அடுத்த பேற்றுக்குப் பொதுவாக மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம்.

இதனால் சாதகமான சூழலிலும் இவ்விலங்கின் தொகை ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகுவதில்லை. 100 விலங்குகள் உள்ள பகுதியில் ஆண்டுக்கு ஐந்து மட்டுமே கூடக்கூடும். வலையிலும் படகிலும் சிக்கி அதைவிடச் சற்று மிகுதியாக இறந்தாலும் தொகை குறையத் தொடங்கும். எனவே முதிர்ந்த பெண் விலங்கு ஒன்றின் இறப்பும் பேரிழப்பாகும்.

அச்சுறுத்தல்கள்

முற்காலத்தில் இறைச்சிக்காகவும், மருத்துவக் குணம் உண்டு என்ற நம்பிக்கையினாலும் இவை வேட்டையாடப்பட்டன. இன்று தற்செயலாக வலையில் சிக்குவதே முதன்மை அச்சுறுத்தல் ஆகும். திருக்கை வலை போன்ற அகன்ற கண்ணுடைய வலைகளில் அகப்பட்ட ஆவுளியா மேலெழ இயலாமல் மூச்சடைத்து இறக்கிறது. விசைப்படகுகள் மோதுவதும் இறப்புக்குக் காரணமாகிறது. இழுவை வலைகளும் கழிவுநீரும் கடற்புல் படுகைகளை அழிக்கின்றன.

சீனக் கடற்பகுதியில் ஆவுளியா செயலளவில் அற்றுப்போய்விட்டதென 2022 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இந்தியாவில் சுமார் 240 விலங்குகளே எஞ்சியுள்ளதாக 2022 ஆம் ஆண்டின் அரசுக் குறிப்பு மதிப்பிட்டது.

பாதுகாப்பு

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் ஆவுளியா இடம்பெற்றுள்ளது. இதனைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும், 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமும் அமைக்கப்பட்டன.

2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு இந்தியாவின் முதல் ஆவுளியா காப்பகத்தை அறிவித்தது. இது பாக்கு விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. இதனுள் சுமார் 12,250 எக்டேர் கடற்புல் படுகைகள் உள்ளன.

எனினும், சிக்கிய ஆவுளியாவின் உயிர் வலையை இழுக்கும் மீனவரின் கையிலேயே உள்ளது. சில நிமிடங்களுக்குள் வலையை அறுத்து விடுவித்தால் மட்டுமே அது பிழைக்கும். ஆனால் அறுபட்ட வலை மீனவருக்கு இழப்பாகும். இதனைக் கருதி, ஆவுளியாவை உயிருடன் விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ஊக்கத்தொகையும் வழங்கி வருகிறது. கடற்புல் படுகைகள் இறால், நண்டு, மீன் குஞ்சுகள் ஆகியவை வளரும் இடங்களும் ஆதலால், ஆவுளியாவின் மேய்ச்சல் நிலத்தைக் காப்பது மீன்வளத்தைக் காப்பதாகவும் அமைகிறது.