எச்.ஐ.வி.யோடு வளரும் குழந்தைகள்: உயரம், உடல்வாகு, கொழுப்பு

தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைக்குச் சிகிச்சை தாமதமானால் வளர்ச்சிதான் முதலில் அடிவாங்குகிறது. கிருமியோடு உடல் ஓயாமல் போராடுவதில், எலும்புக்கும் தசைக்கும் சேர வேண்டிய சத்து வீணாகிறது. வாயில் வெண்படலம் படர்ந்து விழுங்க முடியாமை, விடாத வயிற்றுப்போக்கு, காசநோய் எல்லாம் கூடிக்கொள்ளும். வீட்டில் வறுமையும் இருந்துவிட்டால், எட்டு வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்தில் நிற்கக்கூடும்.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து தொடங்கிய சில மாதங்களில் எடை ஏறத் தொடங்கும். உயரம் மெதுவாகத்தான் வரும். வயது கூடிய பிறகு தொடங்கினால் விட்டுப்போன உயரம் முழுதாகத் திரும்புவது அரிது, பருவமடைவதும் தள்ளிப்போகும். பிறந்த 12 வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் உயிரிழப்பு 76 சதவீதம் குறைகிறது என்று 2008-ல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு காட்டியது. அதன்பின் காத்திருக்கக் காரணமே இல்லை.

எடையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அந்தக் கூட்டில் ஒன்றான ஸ்டாவுடின் மருந்து புழக்கத்தில் இருந்த காலத்தில், அதனால் கன்னம், கை, கால், பிட்டத்தில் கொழுப்பு வற்றிப்போன பிள்ளைகள் பலர். தராசு காட்டாத அந்த மாற்றத்தைத் தோல்மடிப்பை அளக்கும் கருவியும் உடலின் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் காட்டின. ஒட்டிய கன்னமே நோயைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சம் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாரம்! 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது.

கொலஸ்ட்ரால் கதை வேறு. சிகிச்சைக்கு முன்பே நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்தும் டிரைகிளிசரைடு என்ற மற்றொரு இரத்தக் கொழுப்பு கூடியும் இருப்பதுண்டு. கைக்குழந்தைகளின் உயிர் காத்த லோபினவிர்–ரிட்டோனவிர் என்ற கசப்பு மருந்து, மொத்தக் கொலஸ்ட்ராலையும் ஏற்றிவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 170 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 200-ஐத் தொட்டால் அதிகம். ஜோகன்னஸ்பர்க்கின் ரஹிமா மூசா மருத்துவமனையில், லோபினவிர் மருந்தால் கிருமி கட்டுக்குள் வந்த, மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளில் ஒரு பகுதியினரை எஃபாவிரென்ஸ் என்ற வேறு மருந்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். கிருமி கட்டுக்குள்ளேயே இருந்தது. பழைய மருந்தில் தொடர்ந்தவர்களைவிடக் கொழுப்பு அளவுகளும் மேம்பட்டன. ஆயுள் முழுதும் மருந்து சாப்பிடப்போகும் பிள்ளையின் இதயத்துக்கு இது பெரிய லாபம்.

இப்போது முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் டோலுடெக்ராவிர், கொழுப்பை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை; நீரில் கரையும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. ஆனால் எடை கூடலாம் என்பதால் கண்காணிப்பு தேவை. எடை ஏற ஏற மருந்தளவையும் கூட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறை வரும்போதும் உயரமும் எடையும், உரிய இடைவெளியில் கொழுப்புப் பரிசோதனையும் பிள்ளையின் சிகிச்சை அட்டையில் ஏற வேண்டும். உயரக் கோடு நகராமல் நின்றால் மருந்தளவு, காசநோய், உணவு மூன்றையும் மருத்துவர் மறுபடி பார்த்தாக வேண்டும்.